பர்சின் ஐந்தாண்டு ஆசிரியப் பணியும் குறிக் கொள்கையும்

குறிகளைப் பற்றிய இக்காலக் கொள்கைக்கு வித்திட்டோருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் சார்லசு சாண்டர்சு பர்சு (1839–1914). எழுத்தை நோக்கிப் பியர்சு என்பாரும் உளர். அவர்தம் குடியினர் ஒலித்தவாறு பர்சு என்பதே. இவர் பல்கலைக்கழக ஆசிரியராய் இருந்தது ஐந்தாண்டே. கொள்கை முழுநூலாக உருப்பெறாமைக்கு இவர்தம் இயல்பையே காரணமாகக் கூறுவர் பலர். அஃது அரைகுறை விளக்கம் என்பது எம் கருத்து.

ஊதியம் பெற்று இவர் நெடிது உழைத்தது கடற்கரை அளவைத் துறையில். அப்பணிக்கிடையே 1867-இல் வெளியிட்ட கட்டுரையில் குறிகளை மூவகைப்படுத்தினார். ஓவியம் ஒப்புமையால் உணர்த்துவது. காற்றின் திசைகாட்டி, பொருளொடு கொண்ட நேர்த்தொடர்பால் சுட்டுவது. சொல், வழக்கால் உணர்த்துவது. இம்மூன்றாவதனை நம் இலக்கண நூலார் கூறும் இடுகுறியோடு ஒப்புநோக்கலாம். இரண்டும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது.

1879-இல் பால்ட்டிமோரிலுள்ள சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகம் இவரை அளவையியல் விரிவுரையாளராக அமர்த்திற்று. மாணவர்தம் ஆய்வுகளைத் தொகுத்து 1883-இல் ஒரு நூலாக்கினார். அதன்கண் ஆசுகர் மிட்செல் என்னும் மாணவர் எழுதிய கட்டுரை சிறப்பாகக் கருதத்தக்கது. சுட்டுக்குறிகளை அளவையியற் குறியீட்டினுட் புகுத்தியதே மிட்செல் முறையின் தலையாய சிறப்பு என்று 1885-இல் பர்சே எழுதினார். அஃதாவது, மூவகையுள் ஒன்றன் முழுப்பயன் ஆசிரியர்க்கு விளங்கியது மாணவர் வாயிலாக.

ஆயின் அதற்குள் பணி போயிற்று. 1883 ஏப்பிரலில் முதல் மணம் முறிந்த சின்னாட்களில் சூலியத்து என்னும் பெண்மணியை மணந்தார். அதற்கு முன்னரே அவரோடு வாழ்ந்தமை வானியலறிஞர் சைமன் நியூகோம் வாயிலாக ஆட்சிக்குழுவினர்க்கு எட்டியது. 1884-இல் பணி முடிவுற்றது. பின்னர் எப்பல்கலைக்கழகத்தும் நிலையான பதவி வாய்க்கவில்லை. 1891 இறுதியில் அளவைத் துறையினின்றும் நீங்கினார். நண்பர் வில்லியம் சேம்சின் முயற்சியால் 1903-இல் ஆர்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் சில நாளையன.

கொள்கை முதிர்ந்தது இக்காலத்தேதான்; மாணவர் இலர். கேட்போர் இன்மையின் மடல்களில் விளக்கினார். இங்கிலாந்தின் வெல்பிப் பெருமாட்டிக்கு 1903 முதல் வரைந்தவை அத்தகையன; அவற்றின் பகுதிகள் ஆக்டன், ரிச்சர்ட்சு இருவரும் 1923-இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. 1931 முதல் ஆர்வர்டு வெளியிட்ட தொகுதிகளோ பொருள்வகையால் அமைந்து, வெவ்வேறு காலத்து எழுத்துகளை அடுத்தடுத்து நிறுத்தின. 1982-இல் தொடங்கிய காலமுறைப் பதிப்பில் 1884–86 ஆண்டுகட்குரிய ஐந்தாம் தொகுதி 1993-இல் வெளிவந்தபின், மிட்செலின் பங்கை அதற்குரிய இடத்தில் வைத்துக் காண்டல் எளிதாயிற்று.