துணி காஞ்சிடுச்சுன்னு யார் சொல்றது? ஒரு டிரையர் சென்சாரின் கதை

இன்னைக்கு எபிசோட் துணி டிரையரைப் பத்தி. சிரிக்காதீங்க. போன பிப்ரவரியில் என் வீட்டு டிரையர் ஒண்ணு ரிப்பேர் ஆச்சு. ஏன்னு தேடிப் போனேன். தேடல் இருநூறு வருஷம் பின்னாடி போய் நின்னுச்சு.

நான் இப்போ இருக்கிறது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தில். அப்போ எங்க குழந்தைக்கு மூணு மாசம். உதவிக்கு அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தாங்க. வெளியே பனி. துணியை பால்கனியில் போட்டா அப்பளம் மாதிரி விறைச்சுப் போகும். அதனால் தினமும் ஒரு ஈடு குழந்தைத் துணி டிரையரில்தான் காயணும்.

ஒரு நாள் அம்மா, "துணி காயலைடா"ன்னு சொன்னாங்க. நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதுல சென்சார் இருக்கும்மா, காஞ்சாதான் நிக்கும்"னு சொன்னேன். மறுநாளும் அதே பேச்சு, அதே பதில். அதுக்கப்புறம் அவங்க சொல்றதை நிறுத்திட்டாங்க. சரி, பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். பாத்ரூம் கம்பியில, நாற்காலி முதுகுல, ஹீட்டர் காத்து வர்ற ஓரத்துலன்னு அம்மா குட்டிக் குட்டிச் சட்டையா விரிச்சுக்கிட்டு இருந்தாங்க. தினமும் இதுதான் நடந்திருக்கு. ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். தையல் ஓரமெல்லாம் சில்லுன்னு ஈரம்.

ஐம்பது வருஷமா துணி காயப்போட்ட கை ஒண்ணு சொன்னதை விட, ஒரு டிஸ்ப்ளே சொன்னதை நான் நம்பியிருக்கேன். துணி காஞ்சுதான்னு முடிவு பண்ற வேலை எப்போ மனுஷங்க கையிலிருந்து மெஷினுக்குப் போச்சு? அங்கிருந்து ஆரம்பிப்போம்.

1800 வாக்கில் பிரான்ஸில் போஷோன் என்பவர் ஒரு கருவி செய்தார். ஓட்டை போட்ட உலோகப் பீப்பாய். உள்ளே ஈரத்துணி, கீழே நெருப்பு, பக்கத்தில் கைப்பிடி. ஒருத்தர் நின்னு சுத்திக்கிட்டே இருக்கணும். துணியில் புகை வாசனை ஏறும், சில நேரம் கருகும். ஆனா எப்போ நிறுத்துறதுன்னு முடிவு பண்ண ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

அடுத்தது எங்க ஊருக்குப் பக்கம். கொலம்பஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனா டேட்டன் நகரம் வரும். அங்கே வாழ்ந்த ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பின கண்டுபிடிப்பாளர், 1892 ஜூன் 7 அன்று துணி உலர்த்தும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எண் 4,76,416. வீட்டு அடுப்பின் சூட்டிலேயே துணி காயும்படி சட்டங்களை அமைத்திருந்தார். இங்கேயும் காஞ்சுதான்னு பார்க்கிறது கைதான்.

மூணாவது ஆள் ராஸ் மூர். வடக்கு டகோட்டாவின் குளிரில் அம்மா துணி காயப்போடப் படுற பாட்டைப் பார்த்து, வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டகையில் அடுப்பு வெச்சு உள்ளேயே காயப்போட வழி பண்ணினார் என்று சொல்வார்கள். பிறகு சுழலும் டிரம் பக்கம் அவர் கவனம் போனது. பல கம்பெனிகள் கதவை மூடின. கடைசியில் விஸ்கான்சின் மாநிலம் டூ ரிவர்ஸ் ஊரில் இருந்த ஹாமில்டன் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1938-ல் விற்பனைக்கு வந்த அந்த மெஷினின் பெயர் 'ஜூன் டே'.

அதோட வடிவமைப்பில் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற டிசைனருக்குப் பங்கு உண்டு. கதவில் கண்ணாடி வைங்க, உள்ளே துணி சுத்துறது தெரியணும், அப்போதான் கடையில் ஜனங்க வாங்குவாங்கன்னு யோசனை சொன்னவர் அவர். மெஷின் உள்ளே என்ன பண்ணுதுன்னு பார்க்க மனுஷங்களுக்கு அப்போ ஒரு ஜன்னல் தேவைப்பட்டது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா டைமர் வெச்சு ஓடுற மெஷினில் ஒரு சிக்கல். நாற்பது நிமிஷம்னு வெச்சா, மெல்லிசு சட்டை பொசுங்கும், துவாலை ஈரமா இருக்கும். ஈரத்தை மெஷினே அளந்தா நல்லா இருக்கும். எப்படி அளக்குறது?

இதுக்கான விடை வேற இடங்களில் ஏற்கெனவே இருந்தது. 1890களின் கடைசியில் அமெரிக்க விவசாயத் துறையின் மண் ஆய்வுப் பிரிவு, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதோட ஈரத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டது. 1927-ல் ஆல்ஃப்ரெட் ஸ்டாம், மரத்தின் மின்தடையை வெச்சு அதிலுள்ள ஈரத்தைச் சொல்லலாம்னு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். மரம் காயக் காய அதன் மின்தடை லட்சக்கணக்கான மடங்கு ஏறும்.

எனக்குப் பிடிச்சது அடுத்த வருஷக் கதை. பெல் டெலிபோன் ஆய்வகத்தைச் சேர்ந்த மர்ஃபியும் வாக்கரும் 1928-ல் பருத்தி, பட்டு, கம்பளி மூணிலும் ஈரத்துக்கும் மின்தடைக்கும் உள்ள தொடர்பை அளந்து வெளியிட்டார்கள். டெலிபோன் கம்பெனிக்குத் துணியோட என்ன வேலை? அந்தக் காலத்தில் பல டெலிபோன் வயர்கள் மேலே பருத்தியும் பட்டும் சுத்தியிருந்தது. காத்துல ஈரம் ஏறினா துணி வழியா மின்சாரம் கசியும். அவங்களுக்குத் தொல்லையா இருந்த அதே குணம்தான் இன்னைக்கு டிரையருக்குக் கண்.

கண்ணுன்னு சொன்னேன், ஆனா ரொம்ப எளிமையான கண். டிரம்முக்குள்ளே, கதவுக்குக் கொஞ்சம் கீழே, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு உலோகப் பட்டை. ஈரத்துணி ரெண்டையும் சேர்த்துத் தொட்டா, துணி வழியா துளி மின்சாரம் ஓடும். துணி காயக் காய அது குறையும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் மெஷின் நின்னுடும். அந்த அளவு பூஜ்யம் இல்லை. 'காஞ்ச' பருத்தியிலும் சாதாரணக் காத்துல சுமார் 7, 8 சதவீதம் தண்ணி இருக்கும்.

சரி, என் மெஷினுக்கு வருவோம். மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். ஆட்டோ மோடில் போட்டா பதினோரு நிமிஷத்தில் "முடிஞ்சது"ன்னு நிக்குது. டைமர் மோடில் ஐம்பது நிமிஷம் ஓட்டினா நல்லா காயுது. அப்போ ஹீட்டர், மோட்டார், காத்து போற வழி மூணும் சரி. சந்தேகம் சென்சார் மேலே, இல்லைன்னா கன்ட்ரோல் போர்டு மேலே. போர்டை ஆர்டர் பண்ற பட்டன் வரைக்கும் போயிட்டேன். நல்லவேளை, முதல்ல அளந்து பார்ப்போம்னு தோணுச்சு.

பிளக்கைப் பிடுங்கினேன். இது 240 வோல்ட் மெஷின், விளையாட்டு இல்லை. லின்ட் ஃபில்டர் பக்கத்துக் கவரைக் கழற்றி, சென்சார் வயரோட கனெக்டரில் மல்ட்டிமீட்டரை வெச்சேன். ஒரு முனை கனெக்டரில், இன்னொண்ணை பட்டையில் அழுத்திப் பிடிச்சா தடையே இல்லை. வயர் நல்லா இருக்கு. அடுத்து, ரெண்டு பட்டைக்கும் குறுக்கே ஒரு ஈரத்துணியைப் போட்டு கனெக்டரில் அளந்தேன். மீட்டர் அசையவே இல்லை. மின்சாரம் கொஞ்சம்கூடப் போகலை.

வயர் சரி, துணி ஈரம், நடுவில் ஏதோ தடுக்குது. பட்டையை விரலால் தடவினேன். மெழுகு தடவின மாதிரி வழவழன்னு இருந்தது. மீட்டரின் கூர்முனை அதைக் கிழிச்சு உள்ளே போயிடுச்சு. துணியால அது முடியலை.

அந்த மெழுகு எங்கிருந்து வந்தது? டிரையர் ஷீட். 1960களில் கான்ராட் கைசர் என்பவர், துணியை மென்மையாக்குற மருந்தைத் தடவின சின்னத் துணித்துண்டை டிரையருக்குள் போடும் யோசனையைக் கொண்டுவந்தார். 1969-ல் காப்புரிமை கிடைத்தது. சூட்டில் அந்த மருந்து உருகித் துணி மேல் படியும். கூடவே பட்டை மேலயும் படியும். எங்க வீட்டுக்கு அந்த டப்பாவை வாங்கிட்டு வந்தது நான்தான். குழந்தைத் துணி வாசனையா இருக்கட்டும்னு, ஒண்ணு போதும்னு போட்டிருந்தும் ரெண்டு ரெண்டா போட்டதும் நான்தான்.

பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு நாலு தடவை துடைச்சேன். பஞ்சு பழுப்பாச்சு. மறுபடி ஈரத்துணி போட்டு அளந்தா சுமார் 80 கிலோ ஓம். செலவு, வீட்டில் இருந்த அரை பாட்டில் ஆல்கஹால்.

நம்ம துறைக்காரங்களுக்கு இந்த பக் நல்லாவே தெரியும். "ஈரம் இல்லை"ங்கிறதும் "எனக்கு எதுவும் தெரியலை"ங்கிறதும் ரெண்டு வேற பதில். இந்த மெஷினுக்கு ரெண்டும் ஒரே சிக்னல்: மின்சாரம் வரலை. கண்ணை மூடிட்டு "இருட்டா இருக்கு"ன்னு சொல்ற மாதிரி. போஷோன் பீப்பாயைச் சுத்தினவருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. தெரியலைன்னா தொட்டுப் பார்ப்பார். வீட்டில் அப்படித் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அம்மா. அந்த ரிப்போர்ட்டைத்தான் நான் ரெண்டு தடவை மூடி வெச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆட்டோ மோடில் மெஷின் நாற்பத்தேழு நிமிஷம் ஓடுச்சு. அம்மாகிட்டப் போய், "நீங்க சொன்னதுதான் சரிம்மா. தப்பு நான் போட்ட ஷீட்டுல"ன்னு சொன்னேன். அவங்க பதில் சொல்லலை. ஒவ்வொரு சட்டையா எடுத்து, கழுத்துப் பட்டியையும் அக்குள் தையலையும் விரலால் அழுத்திப் பார்த்துட்டு மடிச்சு வெச்சாங்க. கடைசிச் சட்டையை மட்டும் என்கிட்டக் கொடுத்து, "இதைப் பாரு"ன்னாங்க. இடுப்பு எலாஸ்டிக் லேசா ஈரம். நாற்காலி முதுகுல போட்டேன்.

உங்க வீட்டில் டிரையர் இருந்தா, மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டு அந்த ரெண்டு பட்டையையும் ஆல்கஹாலில் துடைங்க. உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழும். வீட்டில் யாராவது "காயலை"ன்னு சொன்னா, எழுந்து போய்த் தொட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.