ஊரைப் பெற்ற ஏரி

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலைத்தான் பேசுகிறார்கள். பெருமையாகப் பேச வேண்டிய செய்திதான். ஆனால் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்தத் தேர்தலின் விதிகளைக் கல்லில் வெட்டியபோது ஊருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகியிருந்தது. இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்துக் கல்வெட்டுகளே இங்கு உண்டு. ஊர் எப்படிப் பிறந்தது என்றால், அரசன் அந்தணர்க்கு அளித்த பிரமதேயம் என்பார்கள். அது பாதி விடைதான். தானத்தால் நிலத்தின் உரிமை கைமாறும், நெல் விளைந்துவிடாது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டி ஓய்ந்துவிடும் வட்டாரம் இது. அந்த நீரைத் தேக்கினால்தான் நஞ்சை, நஞ்சை இருந்தால்தான் சதுர்வேதிமங்கலம் என்னும் அந்தணர் ஊர். இவ்வூரைப் பெற்றது வயிரமேகத் தடாகம் என்ற ஏரிதான் என்பது என் துணிபு.

வயிரமேகம் என்பது மன்னர் சூடிய பட்டப்பெயர் ஆயிற்றே, அப்படியானால் ஏரியும் அரசன் கொடைதானே என்று கேட்கலாம். வெட்டுவித்த பெருமை அரசனுடையதாகவே இருக்கட்டும். மண்கரை போட்ட ஏரி வெட்டியதோடு முடிகிற வேலையா? மழைநீர் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும், கரை கரையும், மதகு பழுதாகும். அதனால்தான் தூர் அள்ளிக் கரையில் கொட்டுவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் வேலை நடத்த ஏற்பாடு செய்தார்கள். முதலைப் பெற்றுக்கொண்டு பணியை நடத்தும் பொறுப்பு ஊர்ச் சபையுடையது. ஆண்டு தவறாமல் செய்ய வேண்டிய இந்த வேலைதான் ஊரார்க்கு வாரியம் என்னும் பணிக்குழுவையும் கணக்கையும் கட்டாயமாக்கியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 921-ஆம் ஆண்டு விதிப்படி சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கோ அறுவர்தான். ஏரி அத்தனை முக்கியம் என்றால் ஏன் இந்தச் சிறு குழு? அதே கல்வெட்டை மேலும் படித்தால் விடை கிடைக்கிறது. முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களில் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையே சம்வத்சர வாரியத்துக்கு எடுத்தார்கள். தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் தேறியவர் கைக்குத்தான் ஊர் போயிற்று. வாரிய உறுப்பினராக இறை செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகார் என்ற கண்டிப்புகளும் நிலம், நீர், பொது முதல் மூன்றையும் காக்கப் பிறந்தவையே.

இதைச் சொல்லும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நிலமும் மறையறிவும் உள்ள ஆண்களின் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது. கூடை சுமந்து தூர் அள்ளியவர்களுக்கு அங்கே ஓலை இல்லை. அவர்கள் உயர்த்திய கரைக்குள் இன்றும் நீர் நிற்கிறது. அந்த நீரில் உத்திரமேரூர் இன்றும் நாற்று நடுகிறது.