சூப்பர்பாரியோ: பறக்கத் தெரியாத வீரன்

சின்ன வயசில ரி.வி.யில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்த எங்களில் பலருக்கு ரே மிஸ்டீரியோவைத் தெரியும். ஆள் கட்டை. ஆனால் மலை மாதிரி ஆட்களைச் சாய்த்துவிடுவார். அவருடைய முகமூடியை வெறும் ஸ்டைல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மெக்சிக்கோவில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அங்கே 'லூச்சா லிப்ரே' என்ற மல்யுத்தம், 1933இல் சல்வடோர் லுத்தெரோத் தொடங்கிய நிறுவனத்தோடுதான் பெரிதாக வளர்ந்தது. அதில் முகமூடி என்றால் மானம். சில போட்டிகளில் முகமூடியையே பந்தயம் வைப்பார்கள். தோற்றவர் சனங்களுக்கு முன்னால் அதைக் கழற்ற வேணும், சொந்தப் பெயரும் வெளியே வந்துவிடும்.

1942இல் வெள்ளி முகமூடியோடு வந்தவர் எல் சாந்தோ. கொமிக் புத்தகம், 50க்கும் மேற்பட்ட படங்கள் என்று நாடே கொண்டாடிய வீரன். போட்டியில் ஒருநாளும் முகமூடியை இழக்கவில்லை. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தானாகவே அதைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தைக் காட்டினார். பெப்ரவரி 5இல் இறந்துபோனார். முகமூடியோடேயே அவரைப் புதைத்தார்கள்.

அடுத்த வருசம், 1985 செப்டெம்பர் 19, மெக்சிக்கோ நகரைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அரசாங்கம் தடுமாறி நிற்க, சாதாரண சனங்களே இடிபாடுகளுக்குள் இறங்கி உயிரோடு இருந்தவர்களை மீட்டார்கள். பிறகு வீட்டுப் பிரச்சினை வந்தது. குறைந்த வாடகைக்குப் பழைய கட்டடங்களில் இருந்தவர்களை எழுப்பிவிட உரிமையாளர்கள் முயன்றார்கள். இதை எதிர்க்கக் குடியிருப்பாளர்கள் 1987இல் 'அசம்பிளேயா தே பாரியோஸ்' என்ற பேரவையை அமைத்தார்கள். 'பாரியோ' என்றால் சாதாரண சனங்கள் வாழும் குடியிருப்பு.

அதே வருசம் இந்தச் சனங்களுக்குள் இருந்து வந்தவர்தான் சூப்பர்பாரியோ. சிவப்பும் மஞ்சளுமாய் மல்யுத்த உடை, முகமூடி, நெஞ்சில் இரண்டு எழுத்து, கொஞ்சம் தொப்பை. வீட்டைக் காலி செய்ய ஆட்கள் வரும் இடத்துக்குப் போவார். ஊர்வலத்தில் முன்னுக்கு நடப்பார். அதிகாரிகளோடு பேசப் போனாலும் முகமூடியைக் கழற்ற மாட்டார். 1988 ஜனாதிபதித் தேர்தலில் அடையாள வேட்பாளராக இறங்கி, பிறகு குவாதேமோக் கார்தெனாசுக்கு ஆதரவாக விலகினார்.

முகமூடி போட்ட ஒருத்தர் வந்தால் வீடு தப்பிவிடுமா? நியாயமான கேள்வி. அவருக்குப் பறக்கவும் ஏலாது, சுவரை உடைக்கவும் ஏலாது. வாசலை மறித்து நின்றது அயலவர்கள்தான். முகமூடி அவர்களைக் கூட்டியது, கமராக்களை இழுத்தது, பயந்திருந்தவர்களைச் சிரிக்கவும் வைத்தது. பெயர் தெரிந்த தலைவரை மிரட்டலாம், விலைக்கும் வாங்கலாம். முகம் தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவது? அந்த உடையை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போட்டதாகவும் சொல்வார்கள்.

நாங்கள் பார்க்கிற சூப்பர் ஹீரோ படங்களில் சனங்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், வீரன் ஒருத்தன் வந்து நகரத்தைக் காப்பாற்றுவான். மெக்சிக்கோ நகரில் முதலில் சனங்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றத் தொடங்கினார்கள். வீரன் அதுக்குப் பிறகுதான் வந்தான்.