பினைல்கீட்டோனூரியா

பினைல்கீட்டோனூரியா என்பது, புரத உணவிலுள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை உடலால் சரிவர மாற்ற முடியாத அரிய பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறு. 12ஆம் குரோமோசோமிலுள்ள மரபணு பழுதுபடுவதால், பினைல்அலனினை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி குறைகிறது. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு.

பிறக்கும்போது குழந்தை நலமாகவே தெரியும். இந்நோயின் கொடுமை இதுதான். பால் குடிக்கக் குடிக்க இரத்தத்தில் சேரும் பினைல்அலனின் வளரும் மூளையைத் தாக்கும். கவனிக்காவிட்டால் அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, வெளிறிய தோல், சிறுநீரில் பூஞ்சண வாடை ஆகியன தோன்றும்.

அந்தச் சிறுநீரே நோயின் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. 1934இல் நார்வேயில், காரணம் தேடி ஓயாத ஒரு தாய் தன் இரு பிள்ளைகளுக்காக மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்கை நாடினார். பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் அது கரும்பச்சையானது. அந்த நிறத்துக்குப் பினைல்பைருவிக் அமிலமே காரணம் என்று அவர் நிறுவினார். அந்தத் தாயின் விடாப்பிடியும் இக்கண்டுபிடிப்பில் சமபங்கு பெறத்தக்கது.

1950களில் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழு, பினைல்அலனின் குறைத்த உணவு பலன் தரும் என்று காட்டியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கர் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி வடிதாளில் எடுத்த சில சொட்டு இரத்தத்திலேயே நோயறியும் சோதனையை உருவாக்கினார்.

பிறந்த சில நாட்களிலேயே உணவுக் கட்டுப்பாடு தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரும். இறைச்சி, முட்டை, பருப்பு கூடாது. தாய்ப்பால் அளவோடு, சிறப்புப் பால்மாவுடன் தரப்படும். பினைல்அலனின் கொண்ட அஸ்பார்டேம் இனிப்பூட்டியும் விலக்கத்தக்கது. கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இந்நோயுள்ள பெண்கள் கருவுறுமுன்பே அதை இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.