சி – சிவிங்கி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் குழந்தைகளுக்கான விலங்குப் படத்தாள் ஒன்றை அண்மையில் வாங்கினேன். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கிய விலங்கின் கீழே 'சிறுத்தை' என்று அச்சாகியிருந்தது. அது சிறுத்தை அன்று, சிவிங்கி.

சிறுபிழைதானே எனலாம். இவ்வூரில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் தம் 'பாப்பா பாட்டி'ல் காட்டும் குருவி, கோழி, காக்கை, பசு, நாய் யாவும் குழந்தை வாசலிலேயே காண்பவை. அங்கே பெயர் தவறினாலும் கண் திருத்திவிடும். சிங்கத்தையும் புலியையும் குழந்தை முதலில் அறிவதோ படத்தாலும் சொல்லாலும்தான்.

வேங்கை, உழுவை, கொடுவரி என்று புலிக்கே பல பெயர் வைத்த மொழி நம்முடையது. சிவிங்கியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பதிவு செய்திருக்கிறது. அரசர்கள் வேட்டைக்குப் பழக்கிய அவ்விலங்கு, இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. சிறுத்தையோ நம் காடுகளை விட்டு ஒருபோதும் நீங்கியதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் கற்பித்தால், நாம் ஒரு விலங்கை இழந்த வரலாறே குழந்தைக்குத் தெரியாமல் போகும்.

வேறுபாட்டைச் சொல்லித்தருவது கடினமன்று. தனித்தனிக் கரும்புள்ளிகளும் கண்ணீர்க் கோடும் சிவிங்கிக்கு. நடுவே வெளிறிய வளையப்புள்ளிகள் சிறுத்தைக்கு. சிங்கம், சிறுத்தை, சிவிங்கி மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவது ஆசிரியருக்கு வாய்ப்பே. படத்தாளில் அச்சான பெயரை அடித்து, மையால் 'சிவிங்கி' என்று எழுதிவைத்தேன்.