ஓஷ்கோஷ் வானூர்தி விழாவும் 2013 நிதிவெட்டும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிறு நகரம் ஓஷ்கோஷ். ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியையொட்டி ஒரு வாரம், இங்குள்ள விட்மன் விமான நிலையம் உலகிலேயே மிகுந்த நெரிசல் கொண்ட நிலையங்களுள் ஒன்றாகிவிடும். 1953இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய பரிசோதனை வானூர்திச் சங்கம் (இ.ஏ.ஏ.) 1970 முதல் தன் ஆண்டு விழாவை இங்கு நடத்திவருகிறது. ஏர்வென்ச்சர் என்று இன்று அழைக்கப்படும் இவ்விழாவின்போது, ஓஷ்கோஷுக்கும் சுற்றியுள்ள நிலையங்களுக்கும் சுமார் 10,000 விமானங்கள் வந்து சேர்கின்றன. பெரும்பாலானவை தனிநபர்கள் தாமே ஓட்டிவரும் சிறு விமானங்கள்.

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்தை எண்ணிப் பார்த்தால் இந்த நெரிசல் ஓரளவு விளங்கும். ஆனால் நடப்பவர் களைத்தால் மரத்தடியில் உட்காரலாம். விமானம் வானில் நிற்க முடியாது. எனவே ரிப்பன் என்ற ஊரின் மேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை சேர்ந்து, 90 நாட் வேகத்தில் இருப்புப்பாதையைப் பின்பற்றி ஃபிஸ்க் என்ற சிற்றூருக்கு வரும். அங்கே தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியால் பார்த்து, நிறத்தையும் வகையையும் சொல்லி ஒவ்வொரு விமானத்தையும் அழைப்பார்கள். விமானி வானொலியில் பதில் பேசுவதில்லை. இறக்கைகளை ஆட்டிக் காட்டினால் போதும். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் தீட்டப்பட்டிருக்கும். எந்தப் புள்ளியில் இறங்க வேண்டும் என்று கோபுரத்திலிருந்து சொல்வார்கள். ஒரே ஓடுபாதையில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்குவது இப்படித்தான்.

இந்தப் பணிக்காகக் கூட்டரசு வான்போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கட்டுப்பாட்டாளர்களை அனுப்பி வந்தது. பல பத்தாண்டுகளாக அதன் செலவை அரசே ஏற்றது.

2013 மார்ச் 1 அன்று அமெரிக்க அரசின் துறைகள் பலவற்றில் தானியங்கி நிதிவெட்டு நடைமுறைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டின் வரவுசெலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவு இது. எஃப்.ஏ.ஏ. செப்டம்பருக்குள் சுமார் 63.7 கோடி டாலரைக் குறைக்க வேண்டியிருந்தது. 149 ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களை மூடுவதாக அறிவித்தது. ஏப்ரல் 21 முதல் ஊழியர்களுக்குச் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பும் கொடுத்தது. வழக்கமான பயணிகள் விமானங்கள் தாமதமானதும் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றின. நிர்வாகத்தின் வேறு நிதியிலிருந்து 25.3 கோடி டாலர் வரை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. விடுப்பு நின்றது, கோபுரங்களும் தப்பின.

இந்தச் சலுகை ஓஷ்கோஷ் வரை எட்டவில்லை. கட்டுப்பாட்டாளர்களின் பயணம், தங்குமிடம், மிகைநேர ஊதியம் ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 5 லட்சம் டாலரைச் சங்கமே தர வேண்டும் என்று விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில் கூறப்பட்டது. தனியார் விமானிகள் பெட்ரோலில் காலனுக்கு 19.4 சென்ட் கூட்டரசு வரி செலுத்துகிறார்கள். கட்டுப்பாட்டுச் சேவைக்கு மீண்டும் பணம் கேட்பது ஒரே சேவைக்கு இருமுறை வாங்குவதாகும் என்பது சங்கத்தின் வாதம். நிர்வாகத் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை: நுழைவுக்கட்டணம் வசூலிக்கும் ஒரு விழாவுக்குப் பொதுப்பணம் எவ்வளவு செலவாகலாம்? ஆனால் அந்தக் கேள்வியை விவாதிக்கச் சங்கத்துக்கு அவகாசமே இல்லை. கட்டுப்பாட்டாளர் இல்லாமல் விழாவை நடத்துவதும் இயலாது. ஜூன் மாதத்தில் 4,47,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது; அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுவும் தாக்கல் செய்தது.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. 2014இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நிதிவெட்டைக் காரணம் காட்டி ஓராண்டுக்கு வந்த கட்டணம், ஒன்பது ஆண்டு ஒப்பந்தமாக நிலைத்தது.