கயிற்றை இழுக்கும் உரிமை

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சுவரெல்லாம் ஜப்பான்தான். கைசன், கான்பான், போக்கா யோகே, ஃபைவ் எஸ் என்று தொழிற்சாலை வேலையைச் சீராக்கும் ஜப்பானிய முறைகளின் பெயர்கள் போர்டு போர்டாகத் தொங்கும். ஆளுக்கொரு கையுறை வாங்கித் தர யோசிக்கிற பட்டறையில்கூட ஐந்து ‘எஸ்’ஸும் மஞ்சள் பெயிண்டில் பளிச்சென்று இருக்கும். பிரஸ் ஷாப்பிலும் மெஷின் ஷாப்பிலும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சொற்களை மந்திரம்போல ஒப்பிக்கும் ஆடிட்டர்களையும் பார்த்திருக்கிறேன். காதில் விழுந்தாலே முகத்தைச் சுளிக்கும் ஆபரேட்டர்களையும் பார்த்திருக்கிறேன். இவை எந்த ஊரில், எந்த நெருக்கடியில் பிறந்தன என்று இரு தரப்பிலும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், போர்டில் எழுதாமல் விட்ட சங்கதி எதுவென்று விளங்கியிருக்கும்.

டொயோட்டா என்ற கார் கம்பெனியின் கதையாகச் சொல்லப்படும் இந்த முறைகளுக்கு மூலம் தறி. தச்சர் ஒருவரின் மகனாக 1867-ல் பிறந்த சகிச்சி டொயோடா, வாழ்நாள் முழுக்கத் தறியோடு மல்லுக்கட்டியவர். அவருடைய தலைவலி என்னவென்று சோமனூர், பள்ளிப்பாளையம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். ஆள் பார்த்து நிறுத்துவதற்குள் துணி பழுதாகிவிடும். அதனால் தறியை விட்டு ஆள் நகர முடியாது. சகிச்சியும் மகன் கீச்சிரோவும் 1924-ல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு பாவு இழையும் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். அறுந்ததும் தகடு கீழே விழும். விழுந்த தகடு இயந்திரத்தைத் தடுக்க, தறி அங்கேயே நின்றுவிடும். நாடாவில் நூல் தீர்ந்தால், ஓட்டம் நிற்காமலே புது நாடா ஏறிக்கொள்ளும். ஒருவரே முப்பது தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

பொதுவாக ஓடுவதற்குத்தான் மெஷின் செய்வார்கள். பழுது வந்தால் நின்றுவிடும் மெஷினைச் செய்ததுதான் சகிச்சியின் சாதனை. நெசவு இயந்திரங்களில் உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929-ல் இதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்குப் பேசி முடித்தது. மறு வருடம் சகிச்சி காலமானார். கீச்சிரோ கார் பக்கம் போனார். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி உருவானது. அடுத்த ஆண்டு கொரோமோவில் ஆலை திறந்தது. அந்த ஊர்தான் 1959-ல் டொயோட்டா நகரம் என்று பெயர் மாறியது. எந்தப் பாகமும் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் வந்து சேர வேண்டும் என்று கீச்சிரோ திட்டம் போட்டார். போர் வந்து அதைக் கெடுத்தது.

திட்டத்தை மறுபடி கையில் எடுத்தவர் தாயிச்சி ஓனோ. 1932-ல் டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் சேர்ந்து, 1943-ல் கார் கம்பெனிக்கு மாற்றலாகி வந்தவர். ஒரே ஆள் பல மெஷின்களைப் பார்ப்பது மில்லில் சாதாரணம். இங்கே வந்து பார்த்தால், லேத்துக்கு ஓர் ஆள் என்று நின்றுகொண்டு, ஓடுகிற மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின்களை வரிசை மாற்றிப் போட்டு, வேலை முடிந்தால் தானே நிற்கும்படி செய்து, ஒருவருக்கு இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு என்று கொடுத்தார். கைத்தொழில் பெருமை கொண்ட டர்னர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியே முழுகப் பார்த்தது. பணவீக்கத்தை அடக்க 1949-ல் அமெரிக்க ஆலோசகர் ஜோசப் டாட்ஜ் வகுத்த திட்டத்தால் ஜப்பானில் பணப்புழக்கம் வறண்டது. தவணையில் லாரி வாங்கியவர்கள் பணம் கட்டவில்லை, சம்பளத்துக்கே திண்டாட்டம். கடன் வேண்டுமென்றால் ஆளைக் குறை என்றன வங்கிகள். 1950 ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலைநிறுத்தம். முடிவில் 1,500-க்கும் மேற்பட்டோர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோவும் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே ஜூன் கடைசியில் கொரியப் போர் மூண்டு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்து குவிந்தன. கம்பெனி தலை தப்பியது. கீச்சிரோ 1952-ல் தம் 57-வது வயதில் இறந்துபோனார்.

என் கணக்கில், இந்த வரலாற்றின் மைய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆர்டர் வந்ததே என்று அவசரமாக ஆள் எடுக்கவில்லை. இருப்பவர்களை வைத்தே அதிகம் செய்தாக வேண்டும். மிஞ்சியவர்களுக்கும் ஒரு தெம்பு கிடைத்தது: 1950 மறுபடி வராது. நிர்வாகமும் சங்கமும் பரஸ்பர நம்பிக்கை பற்றி 1962-ல் கூட்டுப் பிரகடனமே வெளியிட்டன. நிரந்தரத் தொழிலாளியின் வேலைக்கு ஆபத்தில்லை. பதிலுக்கு அவர் கையை மட்டுமில்லாமல் மூளையையும் கொடுக்க வேண்டும். எழுதியும் எழுதாமலும் இருந்த இந்த உடன்படிக்கையின் மேல்தான் பிற்பாடு கட்டியதெல்லாம் நின்றது.

அந்த மூளையைக் கேட்டு வாங்கும் வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1950-ல் ஃபோர்டின் ரிவர் ரூஜ் ஆலையைச் சுற்றிப் பார்த்த கீச்சிரோவின் சித்தப்பா மகன் எய்ஜி டொயோடா, அங்கிருந்த யோசனைப் பெட்டி முறையை எடுத்துவந்தார். 1951-ல் டொயோட்டாவில் அது நடைமுறைக்கு வந்தது. உலகப் போரில் புதிதாகச் சேர்ந்தவர்களை அவசரமாகப் பழக்க அமெரிக்க அரசு நடத்திய சூப்பர்வைசர் பயிற்சியும் அதே சமயம் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வேலையைத் துண்டு துண்டாக எழுது. இது எதற்கு, இங்கே ஏன், இவர் ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேள். வேண்டாததை நீக்கு, சேர்க்க முடிந்ததைச் சேர். பயிற்சியின் சாரம் இவ்வளவுதான். போர் முடிந்ததும் அமெரிக்கா அதை மறந்தது, ஜப்பான் பிடித்துக்கொண்டது.

ஓனோவின் இன்னொரு முறையான கான்பானை விளக்கப் பயிற்சி வகுப்புகளில் அம்புக்குறி போட்டுப் படம் வரைவார்கள். நான் என் ஆட்களுக்கு கேஸ் சிலிண்டரைச் சொல்வேன். வீட்டில் இரண்டு சிலிண்டர். ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாட்டிவிட்டு புக் பண்ணுகிறோம். காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பியது வரும். யாரும் நான்கைந்து வாங்கி அடுக்குவதில்லை, அடுப்பும் அணைவதில்லை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை நிரப்புவார்கள் என்று கேள்விப்பட்டு, ஓனோ 1953 வாக்கில் தம் மெஷின் ஷாப்பில் அட்டை வைத்து நடத்தியதும் இதேதான். அடுத்த பிரிவு எடுத்துப்போனால்தான் முந்தைய பிரிவு செய்யலாம். தேவைக்கு மேல் செய்வதுதான் வீண்களிலெல்லாம் பெரிய வீண் என்பார் அவர். மற்ற வீண்களை அது மூடி மறைத்துவிடும். ஆபீஸில் உட்கார்ந்து பேசும் இன்ஜினீயரைக் கூட்டிவந்து, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ‘இதற்குள் நின்று பார்’ என்று மணிக்கணக்கில் நிறுத்திவைத்தார் என்பது தொழில் வட்டாரத்தில் பிரசித்தம்.

இப்படித் தேவைக்கு மட்டும் கொஞ்சமாகச் செய்ய வேண்டுமென்றால் பிரஸ்ஸில் அடிக்கடி டை, அதாவது அச்சு, மாற்ற வேண்டும். பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்: கிரேனைக் கூப்பிடு, போல்ட்டைக் கழற்று, ஷிம் வை, அடித்துப் பார், மறுபடி கழற்று. டொயோட்டாவின் ஆயிரம் டன் பிரஸ்ஸில் இதற்கு நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. 1969-ல் ஆலோசகர் ஷிகேயோ ஷிங்கோ அதில் கை வைத்தார். முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. பிறகு, மெஷின் நின்ற பின் செய்வதையெல்லாம் அது ஓடும்போதே தயார் செய்துகொள்ளும்படி மாற்றினார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை.

டொயோட்டாவின் இந்த முறையை வெளியுலகம் கவனித்தது 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான். அமெரிக்காவுக்குப் பாடம் கிடைத்தது கலிபோர்னியாவின் ஃப்ரிமான்டில். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று சண்டை, சச்சரவு, ஆப்சென்ட் என்று பெயர் கெட்டு 1982-ல் மூடிக் கிடந்தது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1984-ல் அதைத் திறந்தன. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம். பழைய ஆலையில் எது கெட்டாலும் லைன் மட்டும் நிற்கக் கூடாது. குறையுள்ள காரும் கடைசிவரை போகும், பிறகு தனியே ரீவொர்க். புதிய ஆலையில் தலைக்கு மேல் ஒரு கயிறு. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவந்து என்ன உதவி என்று கேட்பார், தீராவிட்டால் லைன் நிற்கும். பழைய தறியின் தகடு மனிதர் கைக்கு வந்துவிட்டது. பெயர் கெட்ட அதே ஆட்கள் தரமான கார் செய்தார்கள். அங்கே இன்ஜினீயராக இருந்த ஜான் கிராஃப்சிக்தான் 1988-ல் எழுதிய கட்டுரையில் இந்த முறைக்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சதோஷி கமாதா என்ற பத்திரிகையாளர் 1972-ல் டொயோட்டாவில் ஆறு மாத ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, லைனின் வேகத்தில் உடம்பும் மனசும் பட்ட பாட்டைப் புத்தகமாக எழுதினார். உடன்படிக்கை நிரந்தரக்காரர்களுக்குத்தான், ஒப்பந்தக்காரர் அதற்கு வெளியே நின்றார். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையிலேயே 2020 நவம்பரில் கதவடைப்பு நடந்தது. வேலைப்பளு அதிகம் என்பதும் தொழிலாளர்களின் மனக்குறை. ஆகவே ஜப்பானியப் பெயர் இருந்தாலே நல்லது நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் இந்த முறை வேரூன்றியதில் அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கின் பெயரில் ஜப்பான் 1951 முதல் தரத்துக்காக வழங்கும் பரிசை டொயோட்டா வாங்கியது 1965-ல். இந்தியாவில் முதன்முதலாக அதை வாங்கியது பாடியின் சுந்தரம் கிளேட்டன், 1998-ல். டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது. பெரிய கம்பெனிகள் கற்றதை, பாகம் சப்ளை செய்யும் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளும் கற்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் அம்பத்தூர்ச் சுவர்களில் போர்டு ஏறியது.

நான் இருந்த ஒரு கம்பெனியில், பிளாங்கிங் பிரஸ்ஸில் அடித்த பீஸ் பெட்டியில் விழும். ஹெல்பர் குனிந்து அள்ளி அடுத்த பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவார். ஓர் ஆபரேட்டர் ஸ்கிராப் தகட்டை வளைத்துச் சரிவு செய்து இரண்டுக்கும் நடுவே மாட்டினார். பீஸ் தானே வழுக்கிப் போனது. போர்டில் அவர் போட்டோ ஏறியது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றும் கிடைத்தது. அடுத்த வாரம் ஹெல்பருக்கு வேலையில்லை. கான்ட்ராக்ட் ஆள்தானே, நாளையிலிருந்து வராதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆபரேட்டர் என்னிடம் வந்து, “சார், இனிமே எங்கிட்ட ஐடியா கேக்காதீங்க. அந்தப் பையன் எங்க தெருக்காரன்” என்றார். அதன் பிறகு எங்கள் ஷாப்பிலிருந்து வந்த யோசனைகளெல்லாம் கேன்டீன் சாம்பாரைப் பற்றியவைதான். அதே கம்பெனியில் லைனை நிறுத்தியவருக்கு மெமோ கொடுப்பார்கள்.

வீட்டிலும் இதே நியாயம்தான். காலைச் சமையலை ஒழுங்குபடுத்தி அரை மணி நேரம் மிச்சம் பிடித்தவரிடம், ‘அப்போ இதையும் பார்த்துடேன்’ என்று இன்னொரு வேலையைத் தள்ளினால், அடுத்த யோசனை வாயிலிருந்து வராது. மிச்சமான நேரம் மிச்சம் பிடித்தவருக்குத்தான் போக வேண்டும்.

லீன், கைசன் என்று உங்கள் கம்பெனியில் நாளை பயிற்சி வகுப்பு நடந்தால், சொல்லிக்கொடுக்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசிப் படியில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி லைனை நிறுத்தினால் ஓடிவருபவர் உதவ வருவாரா, திட்ட வருவாரா? அவர் சொன்ன யோசனையால் வேலை குறைந்தால் யாருடைய வேலை போகும்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் இல்லாத இடத்தில் போர்டுக்குச் செலவழிக்கும் காசு வீண். அதையும் வீண்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.